ஊசி போட்ட தோள்

வல்லரசு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அவன் ரூட். சீட்டு நிறையாமல் அவன் வண்டி ஒருநாளும் நகர்ந்ததில்லை. "இன்னும் ஒரே ஆளு, ஒரே ஆளு" என்று கூவிக் கூவியே குரல் கட்டையாகிவிட்டது. அப்படிப்பட்டவனிடம் போய் ஆஸ்பத்திரி நர்ஸ், "பத்து பேர் சேர்ந்தாத்தான் ஊசி போடுவோம்ணா" என்று சொன்னால் கோபமா வரும்? தன்னைப் போலவே தொழில் செய்கிறவர்களைப் பார்த்த சந்தோஷம்தான் வந்தது.

"நம்மள மாதிரிதான் கஸ்தூரி அவங்களும்" என்று வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். "ஒரு குப்பியில பத்து பேருக்கு மருந்து இருக்குதாம். தெறந்துட்டா அன்னிக்கே போட்டுத் தீர்த்துடணும். எனக்கு ஒருத்தனுக்குப் போட்டுட்டு மிச்சத்தைக் கீழயா ஊத்துவாங்க? இப்பதான் பூஸ்டர் ஊசின்னா எவனும் எட்டியே பாக்கறதில்லையே."

"அப்ப எப்பதான் போடுவாங்களாம்?"

"ஆளு புடிக்கிறது நமக்கு இன்னா புதுசா? நாளைக்கே ரொப்பிக் காட்டறேன் பாரு."

நாளைக்கே என்று சொன்னது இழுத்துக்கொண்டே போனது. ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறவர்கள், அவன் ஊசிப் பேச்சை எடுத்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள். "கொரோனாவே போயிடுச்சு, இன்னும் இன்னாத்துக்குப்பா ஊசி?" என்றார்கள். ஒரு பெரியவர் பயந்துபோய் ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே இறங்கிக்கொண்டார். கடைசியில் டீக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேன், அவருடைய மச்சான் என்று கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்து முடிப்பதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை தேர்.

கஸ்தூரியின் கவலை அந்தத் தேர்தான்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள் அபிநயா. குழந்தை பிறந்தால் கரும்புத் தொட்டில் கட்டி மாட வீதி சுற்றுகிறோம் என்று அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, குழந்தையை உள்ளே போட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் தாங்கிக் கோயிலைச் சுற்றி வரவேண்டும். கார்த்திகை தீபத் திருவிழாவில் தேரோடுகிற அன்றைக்குச் செய்வதுதான் விசேஷம். கொரோனாவால் இரண்டு வருஷமாகத் தேர் வீதிக்கே வரவில்லை. இந்த வருஷம் வருகிறது. அபிநயாவுக்குப் பதினோரு மாதம். இப்போதே தூளியில் போட்டால் எழுந்து உட்கார்ந்து சேலையைக் கடிக்கிறாள். அடுத்த தேருக்கு ஓடத் தொடங்கிவிடுவாள். அப்புறம் அவளைத் தொட்டிலில் படுக்க வைக்க அந்த அண்ணாமலையாரே இறங்கி வந்தாலும் முடியாது.

இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். அதனாலேயே வல்லரசின் அக்கா மணிமொழி கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் போட்டுத் திட்டினாள்.

"தேரை வெச்சிகினு எவளாவது ஊசி போடுவாளாடி? ரெண்டு பேரும் ஜுரத்துல படுத்துகினா கொழந்தைய யாரு தூக்கறது? தேர் முடிஞ்சி ஆற அமரப் போட்டுக்கோங்க."

"தேருக்குத்தான் அண்ணி ஊசியே. தேர் முடிஞ்சி போட்டு இன்னா பிரயோஜனம்?"

"இத்தினி லட்சம் ஜனம் வருதே, எல்லாரும் ஊசி போட்டுகினா வர்றாங்க?"

"எல்லாரும் கைக்கொழந்தைய வெச்சிகினு வர்றதில்ல அண்ணி. அவளுக்கு இந்த ஊசி கெடையாது. அவளத் தூக்கற நாலு கைக்குத்தான் உண்டு."

"சரி, உன் இஷ்டம்" என்று மணிமொழி போனை வைத்துவிட்டாள். கஸ்தூரி எதை நினைத்துச் சொல்கிறாள் என்று அவளுக்கும் தெரியும். போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் வல்லரசு கொரோனாவில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வயிற்றில் அபிநயா உருவாகி இரண்டு மாதம். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் கஸ்தூரி நிற்பாள். உள்ளிருந்து வருகிற ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரிலும் முகத்தை எட்டிப் பார்ப்பாள். அந்த நாட்களை அவள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. இனி அப்படி ஒரு கேட்டுக்கு வெளியே நிற்பதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

வியாழக்கிழமை விடியலில் எழுந்து மாவு ஆட்டினாள். இட்லி மாவு அரைத்து விற்பதுதான் அவள் தொழில். கார்த்திகைக் குளிரில் மாவு லேசில் பொங்காது. அண்டாவுக்குப் பழைய கம்பளியைப் போர்த்தி வைத்திருப்பாள். "நமக்கில்லாத கம்பளி மாவுக்கு" என்று வல்லரசு கேலி செய்வான். தீப வாரத்தில் வெளியூர் ஜனம் வந்து லாட்ஜெல்லாம் நிரம்பிவிட்டது. டிபன் கடைக்காரர்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மாவு கேட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, குழந்தையை வல்லரசிடம் விட்டு, வேங்கிக்காலில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வல்லரசு பிடித்த ஆட்கள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார்கள். சேர்ந்து போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று இப்படி முறை பிரித்துக்கொண்டார்கள்.

நர்ஸ் பெயர் ஜீனத். முக்காட்டுக்கு மேல் மாஸ்க்கை இழுத்து மாட்டியிருந்தாள். கண் மட்டும் சிரித்தது.

"மொத ரெண்டும் இன்னா ஊசிக்கா?"

"கோவாக்சின். முழுகாம இருந்தப்போ போட்டது."

"அது இப்போ ஸ்டாக் இல்லியே. எப்ப வரும்னும் தெரியல. கோர்பிவேக்ஸ் இருக்குது. காலைல ஒரு குடும்பமே வந்தாங்க, அவங்களுக்காகத் தெறந்தது. வேணும்னா இப்பவே போட்டுடலாம்."

"எங்க வீட்டுக்காரருக்கு சாயங்காலம் கோவிஷீல்டு போடப் போறீங்களே, அதுலயே எனக்கும் ஒண்ணு போட்டா ஆகாதா?"

"ஆகாதுக்கா. மூணாவதா அதைப் போடணும்னா மொத ரெண்டும் அதுவே போட்டிருக்கணும். கோர்பிவேக்ஸ் அப்படியில்ல. முன்னாடி ரெண்டும் கோவாக்சின்னாலும் சரி, கோவிஷீல்டுன்னாலும் சரி, இதைப் போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"புதுசுன்னா ஜுரம் ஜாஸ்தியா வருமா?"

"அது ஆளைப் பொறுத்தது. நானும் எங்கம்மாவும் ஒரே நாள்ல போட்டுகினோம். எனக்குக் கை மட்டும் வலிச்சுது. அவங்க மறுநாள் பூரா போத்திகினு படுத்துட்டாங்க. ஒருநாள், ரெண்டு நாள், அவ்ளோதான். மாத்திரை தர்றேன். வலிக்கிற எடத்தைத் தேய்க்காதீங்க, ஈரத்துணி வெய்யுங்க."

"பால் குடுக்கறேனே."

"தாராளமாக் குடுங்க."

கஸ்தூரி கொஞ்ச நேரம் யோசித்தாள். கோவாக்சின் வரட்டும் என்று காத்திருந்தால் தேர் காத்திருக்காது. புது அரிசி வந்தால் ஒரு படி ஆட்டிப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்கிற ஆளில்லை அவள். "போடுங்க" என்றாள்.

"எந்தக் கையில?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் வீட்டிலிருந்தே பதில் கொண்டுவந்திருந்தாள். நல்ல காரியம் எதுவும் வலது பக்கம்தான். கோயிலைச் சுற்றும்போது கோயிலும் வலது பக்கம்தான் இருக்கும். அப்படியென்றால் கரும்பு ஏறவேண்டியது வலது தோள். ஆக ஊசி இடது கையில். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. ஊசி இறங்கியதுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் வல்லரசு தன் ஆட்களை இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டுபோய் இறக்கி, கடைசி ஆளாகத் தானும் போட்டுக்கொண்டு திரும்பினான். வாட்ச்மேனின் மச்சான் கடைசி நிமிஷத்தில் நழுவப் பார்த்ததையும், அவரைக் கக்கூஸ் வாசலில் காத்திருந்து பிடித்ததையும் நடித்துக் காட்டினான். அதற்குள் கஸ்தூரிக்கு உடம்பு சுடத் தொடங்கியிருந்தது.

"பாத்தியா, புதுக் கட்சிக்குப் போன, தோத்துட்ட" என்றான். "நான் பழைய கட்சி. எப்படி நிக்கறேன் பாரு, கல்லு மாதிரி."

கல் விடியற்காலையில் கவிழ்ந்தது. பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு, மாவு அண்டாவின் மேலிருந்த கம்பளியை உருவித் தன் மேல் போட்டுக்கொண்டான். கஸ்தூரிக்கு அந்த ஜுரத்திலும் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாங்க, பழைய கட்சி டெபாசிட்டே போச்சா?"

சிரித்தாலும் வேலை நிற்குமா? ஊறின அரிசி ஊறினபடி நின்றது. இடது தோளிலிருந்து முழங்கை வரை இரும்புத் துண்டைக் கட்டினது போலக் கனத்தது. கிரைண்டரை ஒற்றைக் கையால் சாய்க்க முடியவில்லை. வல்லரசு எழுந்து வந்து இடது கையால் தாங்கிப் பிடித்தான். வலது கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தான். ஜுரத்தில் குறுகிப்போயிருக்கிறான் என்று நினைத்தாளே தவிர, அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவன் சாய்க்க, அவள் வலது கையால் வழிக்க, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் வேலையை முடித்தார்கள். அபிநயா நடுவில் தவழ்ந்து வந்து இடுப்பில் ஏற்றச் சொல்லி அழுதாள். கஸ்தூரி எப்போதும் தூக்குவது இடது இடுப்பில். அன்றைக்கு வலது இடுப்பில் வைத்ததும் இடம் மாறிவிட்டதே என்று குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பத்து மணி பஸ்ஸில் மணிமொழி வந்து இறங்கினாள். ஒரு கையில் நிலவேம்புக் கஷாயம், இன்னொரு கையில் பருப்பு ரசம். இருவரையும் பார்த்தாள். பாயின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேர், நடுவில் குழந்தை.

"சொன்னேனா இல்லியா?" என்றாள். "ஜாடிக்கேத்த மூடி. ரெண்டும் சேந்து பொங்குது பாரு."

ஆனாலும் கை சும்மா இல்லை. ரசத்தில் சோற்றைக் குழைத்து இரண்டு பேருக்கும் கொடுத்தாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டாள். கஷாயத்தைக் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். மத்தியானம் கஸ்தூரிக்கு வியர்த்துக் கொட்டி ஜுரம் விட்டது. வல்லரசுக்குக் கொஞ்சம் பிந்தி விட்டது. "என் கஷாயம்" என்றாள் மணிமொழி. "ஜீனத் குடுத்த மாத்திரை" என்றாள் கஸ்தூரி. வல்லரசு இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினான். கைவலி மட்டும் யாருக்கும் அடங்காமல் அப்படியே இருந்தது.

வெயில் இறங்கியதும் வல்லரசு கரும்பை எடுத்துவந்தான். தோகை கழிக்காத மூன்று கரும்பு. மணிமொழி அவற்றை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டி, சேலைத் தூளியை முடிந்தாள். குழந்தையை ஏற்றுவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அரிசியைப் பையில் கட்டித் தூளிக்குள் வைத்தார்கள். குழந்தையின் முகம் தெரியவேண்டும் என்று கஸ்தூரி பின்பக்கம் நின்றாள். வல்லரசு முன்னால். "ம்" என்று தூக்கினார்கள். அவன் இடது தோளில் வைத்தான். அவள் வலது தோளில் வைத்தாள்.

"ஏங்க, வலது தோளுக்கு மாத்துங்க."

"நீ இடது தோளுக்கு வா."

"இடதுல எப்படி வெக்கறது? ஊசி போட்ட கை."

வல்லரசு திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு வலதுல போட்டிருக்காங்க" என்றான்.

"வலதுலயா? யாரு போடச் சொன்னது?"

"நான்தான். மண்டியில மல்லாட்டை மூட்டை தூக்கின காலத்துல இருந்து எனக்கு சொமையேத்தற தோளு இடதுதான். அதைக் காப்பாத்தணும்னுதான் வலதுல போடச் சொன்னேன். நீ?"

"நான் வலது தோளைக் காப்பாத்தணும்னு இடதுல போட்டேன்."

இருவருமே புத்திசாலித்தனமாகத்தான் செய்திருந்தார்கள். தனித்தனியாகச் செய்ததுதான் தப்பாகிவிட்டது.

வீம்புக்கு வல்லரசு வலது தோளுக்கு மாற்றிப் பார்த்தான். கரும்பு பட்டதும் "யப்பா!" என்று அலறி விட்டுவிட்டான். பை அவிழ்ந்து அரிசி வாசலெல்லாம் சிதறியது. கஸ்தூரி தன் இடது தோளில் வைத்துப் பார்த்தாள். நாலு எட்டு நடப்பதற்குள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"ஏன்டா" என்றாள் மணிமொழி, "ஊரெல்லாம் சுத்திப் பத்து பேரைப் புடிக்கத் தெரிஞ்சுது. வூட்ல இருக்கற பொண்டாட்டிகிட்ட எந்தக் கைன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல?"

மணிமொழி உட்கார்ந்து அரிசியை அள்ளினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, ஆனது ஆச்சு. நாளைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் தூக்கறோம். நீங்க கூடவே நடந்து வாங்க. அத்தையும் மாமாவும் தூக்கினா சாமி வேணான்னா சொல்லிடும்?"

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் கஸ்தூரிக்கு மனசு ஒப்பவில்லை. பதினாலு வருஷம் அடுத்தவர் வீட்டுக் கரும்புத் தொட்டிலை வழியோரம் நின்று பார்த்தவள் அவள். ஒவ்வொரு வருஷமும் தொட்டில் தாண்டிப் போகும்போது கையெடுத்துக் கும்பிடுவாள். கும்பிட்ட கையை இறக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் தன் வயிற்றைப் பார்ப்பதாகத் தோன்றும். இந்த வருஷமும் கூடவே நடந்து வருகிறவளாகவே இருந்துவிட வேண்டுமா? அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"நீங்க சொல்றது தப்புன்னு சொல்லல அண்ணி. ஆனா நேந்துகினது நாங்க. நாங்கதான் தூக்குவோம். அவரு இடதுலயே வெச்சிக்கட்டும், நான் வலதுலயே வெச்சிக்கறேன்."

"கோணலா இருக்குமேடி. அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கல்யாணமான நாள்லேருந்து நாங்க அப்படித்தானே நடக்கறோம்?"

வல்லரசு வலிக்காத கையால் தலையைச் சொறிந்தான். "அவ சொல்றதும் வாஸ்தவம்தான்கா" என்றான்.

சனிக்கிழமை தேரடி வீதியில் கால் வைக்க இடமில்லை. இரண்டு வருஷம் அடைத்து வைத்திருந்த ஜனமெல்லாம் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டாற்போல் வந்திருந்தது. மலை உச்சியில் மேகம் இறங்கி, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கஸ்தூரி மாஸ்க் போட்டிருந்தாள். வல்லரசுக்கும் மாட்டிவிட்டிருந்தாள். மணிமொழி தனக்கு வேண்டாம் என்று முரண்டு பிடித்து, கடைசியில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

தூளிக்குள் அபிநயா படுக்கவே இல்லை. இரண்டு பக்கத்துச் சேலையையும் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தாள். முன்னால் வல்லரசு இடது தோளில் கரும்பை வைத்துத் தொட்டிலுக்கு வலது பக்கமாக நடந்தான். பின்னால் கஸ்தூரி வலது தோளில் வைத்து இடது பக்கமாக நடந்தாள். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டொருவர் சிரிக்கவும் செய்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் இன்னொரு ஜோடி கரும்புத் தொட்டிலோடு போனது. இருவரும் ஒரே தோளில் வைத்து ஒழுங்காக ஒரே பக்கம் நடந்தார்கள். ஆளில்லாத இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் தூளியில் முட்டினான். தூளி ஊஞ்சல் மாதிரி ஆடியது. குழந்தை வீறிட்டது. அதன் மாமாக்காரன் ஓடி ஓடி அந்தப் பக்கத்தைக் கையால் மறித்துக்கொண்டு வந்தான்.

திருவூடல் வீதிக்குத் திரும்புகிற முனையில் கூட்டம் திடீரென்று அலையடித்தது. பெரிய தேரின் வடம் நகர்கிறது என்று யாரோ கத்த, பின்னாலிருந்தவர்களெல்லாம் முன்னால் பாய்ந்தார்கள். வலது பக்கமிருந்து வந்த இடி வல்லரசின் ஊசி போட்ட கையில் விழுந்தது. இடது பக்கமிருந்து வந்தது கஸ்தூரியின் ஊசி போட்ட கையில் விழுந்தது. அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தூளியைப் பார்த்தாள்.

தூளி அசையவில்லை. ஒரு பக்கம் அவன் உடம்பு, மறுபக்கம் அவள் உடம்பு, நடுவில் அபிநயா. இடிபடுவதெல்லாம் இரண்டு பேரோடு நின்றுபோக, குழந்தை கரும்புத் தோகையைப் பிடித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள் கஸ்தூரி, "வலிக்குதா?"

"உயிரு போவுது. உனக்கு?"

"எனக்கும்தான்."

"மாத்திக்கலாமா?"

"மாத்தவே மாத்தாதீங்க. அப்படியே நடங்க."

அவள் மாஸ்க்குக்குள் சிரித்தாள். கை வலித்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் அன்றைக்கு அந்த வீதியில் தன்னைவிட நன்றாக நடக்கிறவர் யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வழியோரம் நின்றவர்கள் கும்பிட்டார்கள். அதில் ஒருத்தி கும்பிட்ட கையை இறக்காமலே நின்றாள். கஸ்தூரி அவளைத் தாண்டும்போது நடையைத் தளர்த்தினாள். "கொழந்தையத் தொட்டுக் கும்பிட்டுக்கோம்மா" என்றாள். அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேகோபுரத் தெருவில் மூச்சு வாங்க நின்றபோது, முன்னால் போன ஜோடியின் மாமாக்காரன் திரும்பி வந்தான். சட்டை முழுக்க வியர்வை. இவர்கள் நிற்கிற நிலையை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாக்கா இது, ஆளுக்கொரு பக்கமா வெச்சிகினு வர்றாங்க? கொழந்தை அசையவே இல்லியே. இது எந்த ஊரு வழக்கம்?" என்று மணிமொழியைக் கேட்டான்.

வல்லரசு வாயைத் திறப்பதற்குள் மணிமொழி மாஸ்க்கை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"எங்க வூட்டு வழக்கம். கீழ்பென்னாத்தூர்ல வந்து கேட்டுப் பாரு. நாங்க எப்பவும் இப்படித்தான் தூக்கறது. சும்மா தோளை மாத்தினா வராதுப்பா, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே செய்யவேண்டியதெல்லாம் இருக்குது."

"இன்னாக்கா செய்யணும்?"

"ஆளுக்கொரு கையில ஊசி போட்டுக்கணும்" என்றாள் மணிமொழி. சொல்லிவிட்டு மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, "நடங்கடா, தேர் வந்துடப் போவுது" என்று தம்பியை அதட்டினாள்.